செதில் அழகா இருந்தா வெல்டு நல்ல வெல்டா?

கேள்வி, ஜூன் 2

அண்ணா, கரூர் பக்கம் மாமாவோட கிரில் பட்டறையில ரெண்டு மாசமா வெல்டிங் ராடு பிடிக்கிறேன். 6013 ரக ராடு, 3.15 மில்லி சைஸ். வெல்டு மேல படியற ஸ்லாக் கசடைத் தட்டினா அடியில செதில் செதிலா, ஒரே சீரா இருக்கு. நேத்து பக்கத்து ஃபேப்ரிகேஷன் கம்பெனி ஃபோர்மேன் வந்தவர் குனிஞ்சு பார்த்துட்டு "நல்ல மேக்கப்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டார். மாமா சிரிக்கிறார். என் கணக்கு என்னன்னா, வெளியே இவ்வளவு சீரா இருந்தா உள்ளேயும் சரியாத்தான் இருக்கணும். இது தப்பா?

ஜூன் 2, ராத்திரி 10.40

தப்பு. உடைச்சுப் பாருங்க, நாளைக்கே.

50க்கு 6 பட்டையில அரை அடித் துண்டு ரெண்டு எடுத்துக்கோங்க. ஒண்ணைப் படுக்க வச்சு, இன்னொண்ணை அது மேல தலைகீழ் T மாதிரி நிறுத்தி, ரெண்டு முனையிலயும் டேக் (சின்னப் பொட்டு வெல்டு) அடிச்சு, ஒரே ஒரு பக்கம் மட்டும் முழு நீளத்துக்கும் ஒரு ரன் போடுங்க. ஆறினதும் வைஸ்ல பிடிச்சு, வெல்டு இல்லாத பக்கத்துல இருந்து சம்மட்டியால அடிச்சு, நிக்கிற பட்டையை வெல்டு மேலயே மடக்குங்க. ரூட், அதாவது மூலையில வெல்டோட அடி, வாயைத் திறக்கும். உடைஞ்சா உடைஞ்ச முகத்தைப் பாருங்க. முழுக்கச் சாம்பல் நிறத்துல, உடைச்ச வெல்லக்கட்டி மாதிரி மணிமணியா இருந்தா இரும்பும் இரும்பும் உருகிச் சேர்ந்திருக்குன்னு அர்த்தம். உடையாம அப்பளமா மடிஞ்சு படுத்துட்டா இன்னும் நல்லது. ஒரு பக்கம் வழவழன்னு, பட்டையோட பழைய கருநீலத் தோல் அப்படியே தெரிஞ்சா, ஃபோர்மேன் சொன்னது சரி.

ஜூன் 3, காலை

ராத்திரி எழுதினதுல விட்டுப்போச்சு: உடைக்கும்போது கண்ணாடி போடுங்க. வைஸுக்கு நேரா யாரும் நிக்க வேண்டாம். டேக் அடிச்ச ரெண்டு முனையையும் ஒரு அங்குலம் வெட்டித் தள்ளிட்டு நடுத்துண்டை உடைங்க, இல்லன்னா டேக்கோட பலத்தைத்தான் சோதிப்பீங்க.

ஜூன் 3, மத்தியானம்

நான் ஏன் இவ்வளவு உறுதியா "தப்பு"ன்னு சொன்னேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கதை இருக்கு.

2003. நானும் கிரில் பட்டறைதான். 1000 லிட்டர் தண்ணித் தொட்டிக்கு ஸ்டாண்டு. தொட்டி நிறைஞ்சா தண்ணி மட்டும் ஒரு டன். ஆங்கிள்ல பிராக்கெட் வச்சு நான்தான் அடிச்சேன். செதில் அவ்வளவு அழகு. முதலாளி வேற வந்த பார்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். டெம்போவுல இருந்து இறக்கும்போது ஒரு ஆள் கை நழுவி, ஸ்டாண்டு இடுப்பு உயரத்துல இருந்து விழுந்தது. ஒரு பிராக்கெட் அப்படியே கழண்டு தனியா உருண்டுச்சு. வெல்டு உடையல. வெல்டு முழுசா, செதிலோட, பிராக்கெட்ல ஒட்டியிருக்கு. ஸ்டாண்டு காலோட பக்கத்துல இருந்து மட்டும் பெயர்ந்து வந்திருக்கு, காய்ஞ்ச புண்ணு பொருக்கு உதிர்ற மாதிரி.

காலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பிராக்கெட் எங்க வரணும்னு மார்க்கிங் சாக்கால நான் போட்ட வெள்ளைக் கோடு அழியாம இருந்துச்சு. ஆங்கிளோட தோல் கூட உருகல. உருகின இரும்பு மேல போய்ப் படுத்திருக்கு, அவ்வளவுதான்.

அந்தச் சாக் மாக்கல்லு, சூட்டுக்குச் சுலபமா அழியாது, அது வாஸ்தவம். ஆனா இரும்பு உருகியிருந்தா கோடு ஏது?

அன்னைக்கு விழுந்தது நல்லதாப் போச்சு. மொட்டை மாடியில தண்ணி நிரப்பின பிறகு விழுந்திருந்தா நான் இப்ப இங்க எழுதிட்டு இருக்க மாட்டேன்.

ஜூன் 4

தம்பி, "ரெண்டு பக்கமும் அடிச்சுட்டு உடைச்சேன், உடையவே இல்ல"ன்னு போட்டிருக்கீங்க. ஒரு பக்கம்னு சொன்னேன்ல! ரெண்டு பக்கம் போட்டா ரூட் ரெண்டு வெல்டுக்கும் நடுவுல ஒளிஞ்சுக்கும். திரும்பப் போடுங்க.

ஜூன் 4, ராத்திரி

இப்ப ஆம்ப்ஸ். ராடோட மில்லிமீட்டரை 40ஆல பெருக்குன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. 3.15க்கு 126 வரும். நீங்க 85ல வச்சிருக்கேன்னு சொல்றீங்க. கிரில் பட்டறைப் பழக்கம் அது. மெல்லிசு ஸ்கொயர் பைப் ஓட்டை விழுந்துடக் கூடாதுன்னு குறைச்சு வச்சு, அதே கரண்ட்ல 6 மில்லி பட்டையையும் அடிக்கிறது. ஓட்டை விழாது. பிடிக்கவும் பிடிக்காது.

ஜூன் 5

மேல சொன்ன 40 கணக்கை அப்படியே பிடிச்சுக்காதீங்க. 2.5 ராடுக்கு அந்தக் கணக்குல 100 வருது, அது சூடு ஜாஸ்தி. 6013ல 2.5க்கு 60ல இருந்து 90 வரைக்கும், 3.15க்கு 90ல இருந்து 130 வரைக்கும் ஓட்டலாம். ராடு பாக்கெட் மேலேயே அச்சடிச்சிருப்பாங்க. பாக்கெட்டைக் கிழிச்சுக் குப்பையில போடுறதுக்கு முன்னால அதைப் படிக்கிற வெல்டரை நான் அதிகம் பார்த்ததில்ல. நானும் படிச்சதில்ல, அஞ்சு வருஷம்.

இன்னொண்ணு, பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின்ல முள்ளு காட்டுற நம்பரை நம்பாதீங்க. சாயங்காலம் ஊர்ல மோட்டார் எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், காலையில 110ல ஓடின மாதிரி சாயங்காலம் அதே 110ல ஓடாது. எர்த் கிளாம்ப் துருவுல கடிச்சிருந்தாலும் இதே கதைதான். அதனால முள்ளைப் பார்க்கிறதை விடக் காதுல கேளுங்க. சரியான கரண்ட், சரியான ஆர்க் நீளத்துல (ராடு முனைக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி) வடை சட்டி மாதிரி ஒரே சீரா பொரியும். நீளமாத் தூக்கினா புஸ்ஸுன்னு ஊதும், சுத்திலும் பொறி தெறிச்சு ஒட்டிக்கும். கம்மியா இருந்தா தடுமாறும், ராடு ஒட்டிக்கும். ஆர்க் நீளம்னா உள் கம்பியோட தடிமன் அளவு, அதுக்கு மேல போக வேண்டாம்.

ஜூன் 6

வெல்டோட முகத்தைப் பார்த்து என்ன சொல்லலாம், என்ன சொல்ல முடியாது. இதுதானே முதல் கேள்வி, நான் எங்கெங்கயோ போயிட்டேன்.

செதில் உருண்டையா, பிறை மாதிரி இருக்கா, இல்ல அம்பு முனை மாதிரி கூரா நீண்டிருக்கா பாருங்க. கூரா இருந்தா வேகமா ஓட்டியிருக்கீங்க. வெல்டு கயிறு வச்ச மாதிரி மேல உருண்டு நின்னு, ஓரம் பட்டையோட சேராம மடிஞ்சிருந்தா கரண்ட் கம்மி. அந்த ஓரத்துல நகம் உள்ளே போகுதா பாருங்க, போனா அது ஒட்டல, படுத்திருக்கு. என் தொட்டி ஸ்டாண்டு இப்படித்தான் இருந்திருக்கணும், எனக்கு அப்ப பார்க்கத் தெரியல. அகலமா, தட்டையா, சுத்தி நிறையப் பொறி ஒட்டியிருந்தா கரண்ட் ஜாஸ்தி.

வெல்டு ஓரத்துல பட்டையில பள்ளம் விழுந்திருந்தா அண்டர்கட். பட்டறையில "கடிச்சிருக்கு"ன்னு சொல்வோம். சம்மட்டி வேண்டாம், கண்ணும் நகமும் போதும். கட்டட இரும்புக்குப் பலரும் எடுத்துக்கிற அமெரிக்க விதிநூல் ஏடபிள்யூஎஸ் டி1.1, 25 மில்லிக்குக் கீழே உள்ள பிளேட்டுக்குப் பொதுவா 1 மில்லிக்கு மேல கடிக்கக் கூடாதுங்குது. அது தடிமனான இரும்பை மனசுல வச்சுச் சொன்னது. உங்க ஸ்கொயர் பைப்போட மொத்தத் தடிமனே ஒண்ணரை, ரெண்டு மில்லி. அதுல 1 மில்லி கடிச்சா மிச்சம் என்ன இருக்கும்?

ராடைத் தூக்குற இடத்துல குழி. அங்க நட்சத்திரம் மாதிரி மயிர்க்கோடு விழும். முடிக்கும்போது அரை அங்குலம் பின்னால வந்து குழியை நிரப்பிட்டுத் தூக்குங்க. திரும்ப ஆரம்பிக்கிற இடத்தையும் பாருங்க. ஒரு ஆளோட வெல்டு நடுவுல எப்பவும் நல்லாத்தான் இருக்கும். ஆரம்பமும் முடிவும்தான் ஆளைக் காட்டும்.

பின் ஹோலை (வெல்டுல விழற ஊசி ஓட்டை) பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. நனைஞ்ச ராடு, எண்ணெய், பெயிண்ட், துரு. துடைங்க.

ஜூன் 6, கொஞ்ச நேரம் கழிச்சு

ஜிஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசின பைப்பை, மறந்துட்டேன். துத்தநாகத்தோட அடிச்சா புழு அரிச்ச மாதிரி ஓட்டை வரும், அந்த வெள்ளைப் புகை ராத்திரி குளிர்காய்ச்சலும் தரும். வெல்டு வர்ற இடத்துல பூச்சைக் கிரைண்டிங் பண்ணி எடுங்க, காத்தோட்டமா அடிங்க. பால் குடிச்சா சரியாயிடும், வெல்லம் தின்னா சரியாயிடும்னு சொல்வாங்க. நானும் லிட்டர் லிட்டராப் பால் குடிச்சவன்தான். பால்காரருக்குத்தான் லாபம். வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண்ணு கூசி மணல் கொட்டின மாதிரி ஆனா உருளைக்கிழங்கு வெட்டி வைக்கிறதும் இதே ரகம். டாக்டர்கிட்டப் போங்க.

ஜூன் 8

"ஸ்லாக் தானா சுருண்டு உரிஞ்சா நல்ல வெல்டு"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். ஆமா, நானும் அதைத்தான் பசங்களுக்குச் சொல்றது.

ஜூன் 8, ராத்திரி

இல்ல, அதைத் திரும்ப வாங்கிக்கிறேன். படுத்துட்டு யோசிச்சேன். ஸ்லாக் தானா உரியுதுன்னா வெல்டோட மேல்முகம் வழவழப்பா, ஓரம் கடிக்காம இருக்குன்னு அர்த்தம். கடிச்ச பள்ளத்துலதான் ஸ்லாக் பல்லு மாதிரி மாட்டிக்கிட்டு வராது. ஆனா ரூட்ல என்ன நடந்துச்சுன்னு அது எப்படிச் சொல்லும்? என் தொட்டி ஸ்டாண்டுல ஸ்லாக் தானாத்தான் உரிஞ்சுச்சு. 6013ல அது உரியறதே அந்த ராடோட குணம்.

உரியாம அடம்பிடிச்சா எங்கயோ தப்பு இருக்கு. உரிஞ்சுட்டா அது மட்டுமே போதாது.

ஜூன் 9

அப்ப ஓட்டும்போதே தெரியுமான்னு கேட்டிருக்கீங்க. தெரியும், ஆனா ரெண்டு மாசத்துல தெரியாது. நீங்க இப்ப வெளிச்சத்தைப் பார்க்கிறீங்க. பார்க்க வேண்டியது குளத்தை.

ராடு முனைக்கு அடியில உருகின இரும்பு ஒரு சின்னக் குளமா நிக்கும். அதுக்குப் பின்னால ஸ்லாக், ஆறுற பால் மேல ஆடை படியற மாதிரி சுருண்டு சுருண்டு வரும். ரெண்டும் ஓடுற விதமே வேற. ஆடை பின்னாலயே வரணும். அது குளத்தைத் தாண்டி முன்னால ஓடி வந்துச்சுன்னா அடுத்த அரை அங்குலம் ஸ்லாக் மேலதான் வெல்டு போடுறீங்க. மேல செதில் வரும், உள்ளே கண்ணாடி மாதிரி ஸ்லாக் இருக்கும். குளத்தோட ரெண்டு ஓரமும் ரெண்டு பட்டையிலயும் நனைஞ்சு பரவுதா பாருங்க. நனையாத பக்கத்துக்கு ராடைச் சாய்ங்க. எண்ணெய் தடவாத கல்லுல தோசை மாவு ஊத்தினா தெரியும்ல, அந்த மாதிரி இரும்பு இழுத்துக்கிட்டு நிக்கும்.

முதல் தடவை நான் இதைப் பார்த்தது மூணாவது வருஷம். ஒரு வயசான வெல்டர் என் பின்னால நின்னு, கையை என் கை மேல வச்சு ஒரு ராடு முழுக்க ஓட்டினார். பேசவே இல்ல. ஸ்லாக் முன்னால வர்றப்ப மட்டும் கையை ஒரு அழுத்து அழுத்தினார்.

ஜூன் 11

இன்னொரு எண்ணமும் வந்துச்சு. அழகை நான் ரொம்பத் திட்டிட்டேன். சீரான செதில்னா என்ன? கை நடுங்கல, வேகம் மாறல, ஆர்க் நீளம் மாறல. ரெண்டு மாசத்துல அது வந்திருக்குன்னா உங்க கை நல்ல கை. அசிங்கமான வெல்டு உள்ளே பிரமாதமா இருந்து நான் பார்த்ததில்ல. அழகானது உள்ளே காலியா இருந்து நிறையப் பார்த்திருக்கேன். அதனால கண்ணால கழிச்சு விடலாம், கண்ணால பாஸ் போட முடியாது.

பெரிசா அடிச்சா பலம்னு மாமா சொல்றார்னு போட்டிருந்தீங்க. மூலையில போடுற வெல்டோட பலம் வெளியே தெரியற காலோட (பட்டை மேல வெல்டு ஏறியிருக்கிற அளவு) நீளத்துல இல்ல, ரூட்ல இருந்து முகம் வரைக்கும் உள்ள தொண்டையில இருக்கு. கால் 6 மில்லின்னா தொண்டை 0.7ஆல பெருக்கினது, 4.2 மில்லி. ரூட் உருகாம விட்டா அந்த 4.2லயும் போச்சு. காலை ரெண்டு மடங்கு ஆக்கினா நாலு மடங்கு இரும்பு செலவு, ராடு செலவு, சூடு. அடிக்கிற இரும்பு கேட்டும் வாழைப்பழம் மாதிரி வளையும். மாமாகிட்ட ராடு செலவை மட்டும் சொல்லுங்க, கேட்டுப்பார்.

ஜூன் 13

"கேட்டு, கிரில்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு"ன்னு புதுசா ஒருத்தர். நியாயமான கேள்விதான், எல்லா வெல்டையும் எக்ஸ்ரே எடுக்க முடியாது.

ஆனா ஒண்ணு சொல்றேன். 1980 மார்ச் 27, நார்வேக்குச் சொந்தமான வட கடல் பகுதியில அலெக்சாண்டர் கீலாண்டுங்கிற மிதக்கும் மேடை கவிழ்ந்துச்சு. எண்ணெய்க் கிணறு ஆட்கள் தங்கியிருந்தது. 212 பேர்ல 123 பேர் செத்துட்டாங்க. அஞ்சு கால்ல ஒரு கால் பிய்ஞ்சு போச்சு. காரணத்தைத் தேடிப் போனா, காலைப் பிடிச்சிருந்த ஒரு பெரிய குழாய்ல, தண்ணிக்கடியில ஒலி கேட்கிற கருவி ஒண்ணைப் பொருத்துறதுக்காகப் போட்ட 6 மில்லி ஃபில்லட் வெல்டு, மூலையில போடுற வெல்டு. பாரம் தாங்குற வெல்டே இல்ல. "சும்மா ஒரு பிராக்கெட்டு"ன்னு போட்டது. அங்க ஆரம்பிச்ச விரிசல் அலையில ஆடி ஆடி வளர்ந்து குழாயைச் சுத்தி வந்துருச்சு. விரிசலுக்கு உள்ளே பெயிண்ட் இருந்திருக்கு. அதாவது கட்டும்போதே விரிசல் இருந்திருக்கு, அதுக்கு மேலயே பெயிண்டும் அடிச்சிருக்காங்க.

அதைப் படிச்சப்ப எனக்கு என் சாக்குக் கோடுதான் ஞாபகம் வந்துச்சு.

ஜூன் 14

கம்பெனி வேலைக்குப் போகலாமான்னு தனியாக் கேட்டிருந்தீங்க, இங்கேயே சொல்றேன். நான் 2006ல துவாக்குடி பக்கம் ஒரு யூனிட்டுக்குப் போனேன், பாய்லர் வேலை. திருச்சி சுத்துவட்டாரத்துல பெல் (BHEL) தொழிற்சாலை வந்ததுக்கு அப்புறம் வளர்ந்த பட்டறைகள் ஏராளம். வெல்டிங்குக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் பெல் வளாகத்துல 1975ல இருந்து இருக்கு. அந்த ஊர்ல "நான் நல்லா அடிப்பேன்"னு வாயால சொன்னா எடுபடாது. டெஸ்ட் பீஸ் அடிச்சுக் காட்டணும்.

டெஸ்ட் பேரு 6ஜி, பைப்பை 45 டிகிரி சாய்ச்சு வச்சு, சுத்தி அடிக்கணும். ரூட்டுக்கு டிக் வெல்டிங், மேல அடுக்குக்கு 7018 ராடு. என் கேப்பிங்கை, கடைசி மேல் அடுக்கைப், பார்த்துட்டுப் பக்கத்து பூத் பையன் போட்டோ எடுத்தான். எக்ஸ்ரே ஃபெயில். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில வச்சுக் காட்டினாங்க: வெல்டோட நடுவுல, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேரா ஒரு கறுப்புக் கோடு, ஒரு அங்குலத்துக்குக் கம்மி. 6 மணி இடத்துல, பைப்போட அடியில, ரூட் இறங்கல. மேல மூணு அடுக்கு அழகா மூடியிருக்கேன். இயற்கையில நேர்கோடு கிடையாதுன்னு அந்த ஃபிலிம் பார்த்தவர் சொன்னார்; நேரா இருந்தா அது உருகாத பிளேட்டோட ஓரம்.

இதுலயும் ஒரு விஷயம். எக்ஸ்ரேயும் எல்லாத்தையும் பிடிக்காது. பக்கச் சுவர்ல ஒட்டாம விட்டது, கதிர் வர்ற திசைக்குக் குறுக்கே சாய்ஞ்சிருந்தா ஃபிலிம்ல விழாமப் போகலாம். அதுக்கு ஒலி அலை விட்டுப் பார்க்கிற அல்ட்ராசோனிக். இல்லன்னா வளைச்சுப் பார்க்கிறது. பட்டை வெட்டி யு மாதிரி வளைச்சு, விரிஞ்ச முகத்துல 3 மில்லிக்கு மேல வாய் திறந்திருந்தா ஃபெயில்னு ஏஎஸ்எம்இங்கிற அமெரிக்க பாய்லர் விதிநூல் சொல்லுது. அதே விதிநூல் ஆறு மாசம் அந்த முறையில வெல்டு போடாம இருந்தா பழைய தகுதி செல்லாதுங்குது. கை மறந்துடும்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

ஜூன் 14, தொடர்ச்சி

7018ன்னதும் "அதை வாங்கி கேட்டுக்கு அடிக்கலாமா"ன்னு கேக்காதீங்க. அதை 250ல இருந்து 350 டிகிரி வரைக்கும் ஓவன்ல வறுத்து, சூடாவே வச்சு எடுக்கணும். ஈரம் உள்ளே போனா வெல்டுல ஹைட்ரஜன் புகுந்துடும். தடிமனான, கடினமான இரும்புல அன்னைக்கு எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகி, ரெண்டு நாள் கழிச்சு ராத்திரியில டப்புன்னு விரியும். அந்த மாதிரி வேலையில 48 மணி நேரம் காத்திருந்து சோதிக்கிறது அதுக்குத்தான். 6013ஐ இப்படி வறுத்துடாதீங்க, அதுக்குக் கொஞ்சம் ஈரம் வேணும்.

ஜூன் 17

தம்பி, படம் பார்த்தேன். அஞ்சு துண்டுல மூணு பெயர்ந்திருக்கு. மனசு விட வேண்டாம். மூணுலயும் தப்பு ஒரே இடத்துல இருக்கு பாருங்க: நிக்கிற பட்டையில நல்லா உருகிப் பிடிச்சிருக்கு, படுத்த பட்டையில மட்டும் கருநீலத் தோல் அப்படியே இருக்கு. ராடை நிக்கிற பட்டைப் பக்கமாவே சாய்ச்சுப் பிடிக்கிறீங்க. ரெண்டுக்கும் நடுவுல 45 டிகிரிக்குக் கொண்டு வாங்க. கரண்ட் 115. படுத்த பட்டையை முதல்ல கிரைண்டர்ல வெள்ளையாக்குங்க.

ஜூன் 21

ஆறாவது துண்டு உடையாம மடிஞ்சிருச்சா? நல்லது. இன்னும் நம்ப வேண்டாம். இன்னொண்ணு அதே மாதிரி அடிச்சு, குறுக்கே ஹேக்ஸா பிளேடால வெட்டி, வெட்டின முகத்தை எமரி தாள்ல முகம் தெரியற அளவுக்குத் தேய்ங்க. லேப்ல ஆசிட் போட்டுப் பார்ப்பாங்க, நீங்க அதெல்லாம் பண்ண வேண்டாம். மூலையில ரெண்டு பட்டையும் சேர்ற கறுப்புக் கோடு வெல்டுக்குள்ள எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க. மூலை வரைக்கும் போய் நின்னுட்டா சரி. மூலையைத் தாண்டி வெல்டுக்குள்ள முடி மாதிரி நீண்டா இன்னும் 5 ஆம்ப்ஸ்.

மாமா அடிச்சதுல ஒண்ணை உடைச்சுப் பார்க்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அவர் டீக்குப் போற நேரமாப் பாருங்க.